சீமை ஓட்டின் ஓசை

சீமை ஓடு வாங்கப் போனால் முதலில் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த ஓடு வெண்கலக் கிண்ணம் போலக் கணீரென்று ஒலிக்கும். மொத்தென்று கேட்டால் சரியாக வேகவில்லை, இல்லையேல் எங்கோ விரிசல்.

1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கிய இந்த ஓட்டில் எனக்குப் பிடித்தது அடிப்புறக் குமிழ்தான். ரீப்பர் கட்டையில் அதுவே மாட்டி நிற்கும். பக்கவாட்டுப் பள்ளத்தில் அடுத்த ஓட்டின் விளிம்பு அமர்ந்துகொள்ள, மழைநீர் வழுக்கி இறங்கிவிடும். எவ்வளவு எளிய கெட்டிக்காரத்தனம்!

ஓடு மேய வருகிறவர் கையில் ஓர் ஓட்டை வைத்துப் பார்த்து ரீப்பர் இடைவெளியைக் குறிக்கிறாரா? வேலை தெரிந்தவர். இறவாரத்தில் தொடங்கி வரிசை வரிசையாக மேலேறுவது யாருக்கும் வந்துவிடும். அவசரக்காரர் மாட்டிக்கொள்வது முகட்டில். கூலி கூடினாலும், முகட்டு ஓட்டுக்கு நிதானமாகக் கலவை பூசுகிறவரையே கூப்பிடுங்கள்.