‘நியாயமான டிரா’ என்று ஒன்று உண்டா?

கிளப் அளவில் ஆடும் இரண்டு பேரின் ஆட்டக் குறிப்பு ஒன்று கைக்கு வந்தது. முடிவு, ஆளுக்கு அரைப் புள்ளி. ‘நல்ல போராட்டம், நியாயமான டிரா’ன்னு ரெண்டு பேருமே சொல்லிக்கிட்டாங்களாம். எனக்கு அந்த ‘நியாயமான’ மேலதான் சந்தேகம்.

நேரா கடைசிப் பகுதிக்கு வருவோம். ஆளுக்கு ஒரு யானை. வெள்ளைக்கு மட்டும் கூடுதலா ஒரு சிப்பாய், ஜி5-இல். வெள்ளை ராஜா எஃப்5, கறுப்பு ராஜா ஜி8. கறுப்பு தன் யானையை ஏ6-க்குக் கொண்டுபோய் ஆறாவது வரிசையை அடைத்துவிட்டால் போதும். சிப்பாய் ஜி6-க்கு வந்ததும் யானை ஏ1-க்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்கலாம். வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடமிருக்காது. பிலிடோர் 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய தற்காப்பு இது. இவரோ அவசரப்பட்டு அப்போதே செக் கொடுக்க ஆரம்பித்தார். வெள்ளை ராஜா முன்னேறியது, கறுப்பு ராஜா மூலையை விட்டு விரட்டப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் வந்த நிலை: வெள்ளை ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை எஃப்1, கறுப்பு ராஜா ஈ7, யானை எச்2. இதுக்கு லூசெனா நிலைன்னு பேர். வேடிக்கை என்னன்னா, லூசெனாவின் 1497 புத்தகத்தில் இது கிடையாது. 1634-இல் சால்வியோவின் நூலில்தான் இருக்கு. வெற்றிக்கு வழி: யானை ஈ1-இல் செக், கறுப்பு ராஜா டி7 போனதும் யானை ஈ4. நிம்சோவிச் இதைப் ‘பாலம் கட்டுவது’ என்றார். ராஜா செக்குகளுக்கு நடுவே ஜி5 வரும்போது, யானை ஜி4-இல் குறுக்கே நிற்கும்.

நம்ம வெள்ளை ஆட்டக்காரர் முதல் செக்கைச் சரியாகவே கொடுத்தார். பாலம் மட்டும் கட்டலை. ராஜாவை எஃப்7, ஜி6, எஃப்6, ஜி5 என்று ஓட்டினார். குறுக்கே நிற்க யானை இல்லை. அப்பவும் எச்6, ஜி6, எஃப்7 வழியாக ஜி8-க்கே திரும்பி, மறுபடி ஈ4 ஆடியிருக்கலாம். எஃப்4-க்குப் போனார். கறுப்பு யானை சிப்பாயைத் தின்றுவிட்டது.

ஆக, ஒருவர் டிராவைத் தொலைத்தார், இன்னொருவர் வெற்றியைத் தொலைத்தார். இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வந்த அரைப் புள்ளி. அதுக்கு நியாயம்னு பேர் வெச்சா, ரெண்டு பேருமே எதையும் படிச்சுக்காம வீட்டுக்குப் போயிடுவாங்க. பலகையை எடுத்து இந்த ரெண்டு நிலையையும் வைத்து, பக்கம் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்க. ஒரு சாயங்காலம் போதும்.