முகமில்லாத வில்லனும் முகமே நடிப்பான கமிஷனரும்

ஆந்த்ரே யூனெபெல் இயக்கிய ‘ஃபாந்தோமாஸ்’ (1964) படத்தைச் சிரிப்புப் படம் என்றுதான் எல்லாரும் சிபாரிசு செய்கிறார்கள். சிரிப்பு வருது, இல்லேன்னு சொல்லல. ஆனால் எனக்குள் தங்கியது அந்த நீலம் பூத்த முகமூடிதான். முடி இல்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

ஃபாந்தோர் என்ற பத்திரிகைக்காரன் ஃபாந்தோமாஸைப் பேட்டி எடுத்ததாகக் கதை கட்டுகிறான். வில்லனுக்குக் கோபம். கொல்லவில்லை, அவன் முகத்தையே மாட்டிக்கொண்டு கொள்ளையடிக்கிறான். அடுத்தது கமிஷனர் ஜூவின் முகம். துரத்துகிற போலீசே கம்பி எண்ண வேண்டிய நிலை. ‘நான்தான் நான்’ என்று எதை வைத்து நிரூபிப்பது? இன்றைக்கு முகத்தைக் காட்டி போன் திறக்கிற நமக்கு இது வெறும் ஜோக் இல்லை.

ஃபாந்தோர், ஃபாந்தோமாஸ் இரண்டுமே ஜான் மரே. 1946-இல் காக்தோவின் ‘அழகியும் மிருகமும்’ படத்தில் ரோமத்துக்குள் ஒளிந்தவரும் இவர்தான். அதில் மிருகத்தின் கண்ணில் வலி தெரியும். இதில் ஒன்றுமே தெரியாது. குரல்கூட அவருடையதல்ல, ரேமோன் பெல்லெக்ரான் என்ற நடிகருடையது. உடம்பு ஒருவர், குரல் ஒருவர், முகம் ரப்பர். பாகம் பாகமாக அசெம்பிள் பண்ணின வில்லன்!

எதிரே லூயி த ஃபூனே. அவர் முகத்தில் ஒரு தசைகூடச் சும்மா இருக்காது. உறைந்த முகம் ஒன்று, ஓயாத முகம் ஒன்று. படம் ஓடுவதே இந்த இரண்டின் உரசலில்தான். (மலைச்சாலையில் பிரேக் இல்லாமல் இறங்கும் கார் காட்சியும் அபாரம். என் என்ஜினியர் மூளை அங்கே கியரைத் தேடிக்கொண்டிருந்தது.)

அடுத்த இரண்டு படங்களில் இந்தச் சமநிலை போச்சு. 1965-இல் எரிமலைக்குள் குகை, பறக்கிற சிட்ரோயன். 1967-இல் ஸ்காட்லாந்துக் கோட்டை. த ஃபூனே படத்தையே விழுங்கிவிட்டார்; வில்லன் அவர் அலறுவதற்கு ஒரு சாக்கு மட்டும். ரசிக்கலாம்தான், ஆனா பயம் எங்கே?

அந்தப் பயம் லூயி ஃபெயாட் 1913-14-இல் எடுத்த ஐந்து ஊமைப்படங்களில் இருக்கிறது. எரிமலை வேண்டாம், சாதாரணப் பாரீஸ் தெருவும் வரவேற்பறையும் போதும் அவருக்கு. அதனால் மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். 1964 படம் முடிந்ததும் நேரே ஃபெயாட்டிடம் போய்விடுங்கள்.