ஈட்டியும் தோணியும்: கிளார்க்கின் இரு கடல் நூல்களை முன்வைத்து

கடல் சாகச நூல்களை நமது விமர்சகர்கள் இலக்கியக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெள்ளைக்காரரின் விளையாட்டு, பொழுதுபோக்கு வாசிப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆயினும் ஆர்தர் சி. கிளார்க் நம் நாட்டுக் கடலைப் பற்றி எழுதிய இரு நூல்களைக் கரையோர எழுத்தாளர்கள் ஒருமுறையேனும் வாசித்திருக்க வேண்டும் என்பது எனது எண்ணம். ஒன்று 1957இல் வெளிவந்த ‘த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்’. மற்றையது 1964இல் வெளிவந்த ‘த ட்ரெஷர் ஒஃப் த கிரேட் ரீஃப்’. இவற்றை நான் பாராட்டுவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

கிளார்க்கை விஞ்ஞானக் கதை எழுதியவராகவே பலரும் அறிவர். 1956இல் இங்கு வந்து குடியேறி, 2008இல் காலமாகும் வரை இலங்கையிலேயே வாழ்ந்தவர். விண்வெளியில் மனிதன் எடையற்று மிதப்பதைப் பூமியிலேயே ஓரளவு உணரக்கூடிய இடம் கடலடி என்பதே அவரைச் சுழியோட வைத்தது. துணைக்கு இருவர். ஒருவர் மைக் வில்சன். இலங்கையின் முதலாவது வர்ணச் சிங்களத் திரைப்படமான ‘ரன்முத்து தூவ’வை 1962இல் எடுத்தவர், பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமியாகிவிட்டார். அது தனிக்கதை. மற்றவர் றொட்னி ஜொங்கிளாஸ். இந்த மண்ணின் மைந்தர், கடலுயிரியல் கற்றவர், ஈட்டி கொண்டு மீன் வேட்டையாடுவதில் அக்காலத்தில் பேர்பெற்றவர்.

இந்த வேட்டையின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். மேலே சிறு படகொன்று காத்து நிற்கும். சுழியோடி மூச்சை அடக்கிக் கீழே போவார். கையில் இறப்பர் நாணால் உந்தப்படும் ஈட்டி. நீருக்குள் அது தூரம் பாயாது; மீனைச் சில அடிகளுக்குள் நெருங்கியே ஆகவேண்டும். தவறினால் அந்த மூச்சில் இன்னொரு வாய்ப்பில்லை. குறி சரியாக விழாவிட்டால் கலவாய் போன்ற மீன் காயத்தோடு பாறைப் பொந்துக்குள் புகுந்து செவிளை விரித்து இறுகிக்கொள்ளும். இரத்தமும் துடிப்பும் சுறாவை அழைத்துவரும். அந்நேரம் படகு எங்கே நிற்கிறது என்பதில்தான் மனிதனின் ஹயாத்து தொங்குகிறது.

கிளார்க்கின் எழுத்துச் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. அவர் வியப்புக்குறிகளை இறைப்பவர் அல்லர். நீர் எவ்வளவு தெளிவு, நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறது, எத்தனை அடி ஆழம் என்று கணக்கு எழுதுபவர்போல் சொல்லிச் செல்கிறார். பயந்தேன் என்று அவர் சொல்லாத இடங்களிலேதான் வாசகனுக்குப் பயம் வருகிறது. தொழிலின் நுணுக்கமே இலக்கியச் சுவையாகும் இடம் இது. நமது கதாசிரியர்கள் இதைக் கற்றுக்கொண்டால் பாதிக் கதைகளில் கண்ணீர் குறைந்துவிடும்.

இரண்டாவது நூல் நமக்கு இன்னும் நெருக்கமானது. கிரிந்தவுக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் கிரேட் பாசஸ் பாறைத்தொடரில் 1873 முதல் வெளிச்சவீடு எரிகிறது. வருடத்தில் மார்ச், ஏப்ரலை அண்டிய சில வாரங்களே அங்கு கடல் இடம்கொடுக்கும். 1961இல் மைக் வில்சனும் உடன் சென்ற இளைஞர் இருவரும் அவ்விடத்தில் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தனர். பை உக்கிப்போன பின்பும் பையின் வடிவிலேயே, ஆயிரம் ஆயிரமாக இறுகிய கட்டிகள். ஔரங்கசீப்பின் ஆட்சியில் சூரத் அக்கசாலையில் அடிக்கப்பட்ட ரூபாய்கள். ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது 1702. கைமாறும் காசில் கலிமா அவமதிப்புக்குள்ளாகலாம் என்று அதனைப் பொறிப்பதை நிறுத்தியவர் ஔரங்கசீப்; ஆதலால் இந்தக் காசுகளில் கலிமா இல்லை, பாரசீக எழுத்தில் மன்னர் பெயர் உண்டு. கப்பல் எதுவென்று உறுதியாகவில்லை. 1962இல் உடல் முடங்கிய கிளார்க், தேறியும் தேறாத நிலையில் 1963இல் மீண்டும் நடந்த தேடலில் சேர்ந்துகொண்டார். அந்நூலின் உயிர்த்துடிப்பு அதில்தான் உள்ளது.

கிரிந்தவின் கரையில் மலாய் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள், பள்ளிவாசல் இருக்கிறது. கடலடியில் ஹிஜ்ரி ஆண்டு பொறித்த வெள்ளி கிடந்தது. நமது கவிதையிலோ கதையிலோ அந்தப் பாறையை நான் இதுவரை சந்தித்ததில்லை.

வேட்டையின் அறம் பற்றியும் பேசியாக வேண்டும். இஹ்ராம் அணிந்திருப்பவருக்குக்கூடக் கடல் வேட்டை ஆகுமானது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் தரும் சலுகை. ஆனால் உயிருள்ளதை வெறும் இலக்காக்கி எய்வதை நபிமொழி தடுக்கிறது. உண்பதற்கும் விளையாட்டுக்கும் இடையிலுள்ள இந்தக் கோட்டை 1950களின் ஈட்டி வேட்டை நூல்கள் பெரும்பாலும் காண்பதில்லை. கலவாய் இனங்கள் பல பெண்ணாகப் பிறந்து, பருத்த பின்னரே ஆணாக மாறுபவை. ஆகப் பெரிய மீனைத் தேடிக் குத்துபவர் அந்தப் பாறையின் ஆண்மீனையே எடுத்துவிடுகிறார். ஈட்டித் துப்பாக்கி மீன்பிடி நம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருப்பது காரணத்தோடுதான். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவப் பவளப்பாறைகள் வெளிறி மடிந்தன. கிளார்க் கண்ட கடலை இனி அவரது பக்கங்களில்தான் பார்க்கலாம். அந்த வகையில் இவை ஆவணங்களுமாகும்.

குறையும் உண்டு, அது சிறிய குறை அல்ல. இந்நூல்களில் கடல் விருந்தாளிக்குரியது. துடுப்புப் பிடிப்பவரும் கரையில் காத்திருப்பவரும் ஓரத்தில் நிற்கிறார்கள். கதை அவர்களுடைய கண்களுக்குள் போவதேயில்லை. விருந்தாளிக்கு மீன் தப்பினால் அடுத்த நாள் உண்டு, தோணிக்காரனுக்கு அடுப்பு எரியாது. இந்த மறுபக்கத்தை நமக்குக் காட்டியவர் மூதூரின் வ.அ. இராசரத்தினம். சொந்தத் தோணி ஒன்றுக்கு ஏங்கும் மனத்தை அவரது ‘தோணி’ சிறுகதை எழுதிய அளவுக்குக் கிளார்க் எந்த இடத்திலும் எழுதவில்லை. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் மீனவரை நாவலுக்குள் கொண்டுவந்தது.

ஆனால் அவர்களுக்குப் பின்? 2004 டிசம்பர் 26இன் பின்னர் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் கிண்ணியாவிலும் அம்பாந்தோட்டையிலும் இழந்தவற்றை எழுதினோம். எழுதத்தான் வேண்டியிருந்தது. அக்கவிதைகள் பெரும்பாலானவற்றில் கடல் கொலைகாரன். அதே கடலில் அடுத்த பருவத்தில் தோணி இறக்கியவனின் கைகள் அவற்றில் இல்லை. அணியத்தில் நின்று நீரின் நிறத்தைக் கொண்டு மீன்கூட்டத்தைக் கணிக்கும் அறிவு எங்கள் கிராமங்களில் இருக்கிறது, எங்கள் சஞ்சிகைகளில் இல்லை. கிளார்க்கிடம் நுணுக்கம் இருந்தது, பசி இல்லை. எங்களிடம் பசி இருந்தது, நுணுக்கத்தை விட்டுவிட்டோம்.

இந்தக் குறை வகுப்பறையிலேயே தொடங்குகிறது. ‘கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது’ என்று கட்டுரை கேட்டால், கிழக்குக் கரைப் பிள்ளைகள் செங்கதிரோன் கடலில் மூழ்குவதாக எழுதித் தருகிறார்கள். எங்கள் கடலில் சூரியன் உதிக்கும், மறைவது வயற்பக்கம். மாதிரிக் கட்டுரைப் புத்தகம் கண்ணைவிட வலிமையாகிவிட்டது.

ஒன்பதாம் தரத்து மாணவன் ஒருவன் மட்டும் அந்தத் தலைப்பை விட்டு விலகி எழுதியிருந்தான். அவனுடைய வாப்பா தங்கூசியை ஒருபோதும் விரலில் சுற்றமாட்டாராம். பெரிய பாரை இழுத்தால் விரல் துண்டாகிவிடுமாம். உள்ளங்கையில் படிய வைத்து, தேவைப்பட்டால் விட்டுவிட வேண்டுமாம். மாலைப்பொழுதின் வர்ணனை அவனது கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. புள்ளித் திட்டத்தின்படி அவனுக்குக் குறைவாகத்தான் விழவேண்டும். நான் கூடக் கொடுத்தேன்.