தோழியின் குரலும் தோழியின் வாழ்வும்

தமிழ் அகப்பாடல்களில் மிகுதியாகப் பேசுவோருள் தோழி முதன்மையானவள். தலைவனையும் தலைவியையும் கூட்டுவிப்பவளும், வரைவு கடாவுபவளும், செவிலிக்கு அறத்தொடு நிற்பவளும், பரத்தையிற் பிரிந்து மீண்டவனுக்கு வாயில் மறுப்பவளும் அவளே. அவளுடைய சொல்வன்மையையும் உலகியலறிவையும் நம் புலவர் பலர் விரித்துரைத்துள்ளனர். எனினும், இத்துணை பேசும் பெண் தன்னைப் பற்றிப் பேசியது யாது என்னும் வினா ஆராய்தற்குரியது. எலெனா ஃபெரான்டே என்னும் புனைபெயரில் இத்தாலிய மொழியில் 2011 முதல் 2014 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த நேப்பிள்சு நாவல்கள் அவ்வினாவைக் கூர்மைப்படுத்துகின்றன. ஏழைக் குடியிருப்பொன்றில் பிறந்த இரு சிறுமியரின் அறுபதாண்டு நட்பே அவற்றின் பொருள்.

முதற்கண் நம் மரபை நோக்குவோம். தோழியாவாள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியர் களவியலில் வரையறுக்கின்றார். ஆகவே தோழமை இங்குத் தேர்ந்து கொண்ட உறவன்று. பிறப்பால் வந்தமைந்த உறவு. ஒருத்தி வளர்க்கப்படுபவள், மற்றவள் வளர்ப்பவளின் மகள். இருவரும் ஒருங்கே ஆடி ஒருங்கே வளரினும் காதலும் மணமும் ஒருத்திக்கே உரியன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் தோழி கூற்றாகவே அமைந்தது. தினைப்புனம் காத்ததும், அருவியாடியதும், மலர் பறித்துக் குவித்ததும் இருவர் செயலாகவே சொல்லப்படுகின்றன. ஆயினும் கதை தலைவியினது, நாவே தோழியினது. பிற்காலக் கோவை நூல்களில் இம்மரபு மேலும் இறுகிற்று. தில்லையைப் பாடும் திருக்கோவையார் 400 துறைகளில் தோழி பேசும் இடங்கள் பல. அவள் தன் நெஞ்சின் நோயைப் பேசும் இடத்துக்கு அத்துறை வகுப்பில் வாய்ப்பில்லை.

இவ்வரம்பைக் கடந்தவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்துத் தேவந்தி பெயருடையவள். தனக்கெனத் துயரும் உடையவள். பாசண்டச் சாத்தனை மணந்து எட்டாண்டு வாழ்ந்து, அவன் நீங்கியபின் அவன் கோட்டத்தை வழிபட்டு நிற்பவள். கணவனைப் பிரிந்தவள், கணவனைப் பிரிந்த கண்ணகியிடம் வந்து, சோமகுண்டம் சூரியகுண்டம் மூழ்கிக் காமவேளைத் தொழுமாறு அழைக்கின்றாள். கண்ணகி அஃது தனக்குப் பெருமையன்று என மறுக்கின்றாள். ஒரே துயருடைய இருவர் இருவேறு வழி நிற்கும் இவ்விடம் தமிழ் நட்பிலக்கியத்தில் ஒரு திருப்பம். தோழியின் அறிவுரையைத் தலைவி தள்ளுகின்றாள். நட்பு அதனால் முறியவில்லை. கண்ணகி மறைந்தபின் சேரநாடு சென்று அவளை நினைந்து அரற்றுபவளும், செங்குட்டுவன் ஆணையால் அவள் கோட்டத்தில் நாட்பூசை ஆற்றுபவளும் தேவந்தியே. மறைந்தவளின் நினைவைக் காப்பவள் எஞ்சிய தோழி என்னும் கருத்து இங்கே முழுமை பெறுகின்றது.

இனி நேப்பிள்சு நாவல்களைக் காண்போம். எலெனா கிரேக்கோ நகராட்சி அலுவலகக் கடைநிலை ஊழியரின் மகள். லிலா செருப்புத் தைப்பவரின் மகள். ஈண்டுச் செவிலி மகள், தலைவி என்னும் வேறுபாடு இல்லை. இருவரும் ஒரே தெருவின் வறுமையில் பிறந்தவர். தானாகவே படிக்கக் கற்றுக்கொண்ட லிலாவே அறிவில் மிக்கவள். ஆயினும் தொடக்கப்பள்ளிக்குப் பின் எலெனாவைப் பெற்றோர் மேலே படிக்க விட்டனர், லிலாவை விடவில்லை. இவ்வொரு முடிவே பின்வரும் வாழ்வனைத்தையும் பிரித்துவிடுகின்றது. ஒருத்தி பீசா நகரில் உயர்கல்வி பெற்று எழுத்தாளர் ஆகின்றாள். மற்றவள் பதினாறு வயதில் மணம் முடித்து, பின்னர்த் தொத்திறைச்சித் தொழிற்சாலையில் கூலிக்கு உழைக்கின்றாள். முதல் தொகுதியின் பெயரிலுள்ள அறிவொளி மிக்க தோழி லிலா என்றே படிப்போர் கருதுவர். ஆனால் அச்சொல்லை லிலாவே, தன் மணநாளில், எலெனாவை நோக்கிக் கூறுகின்றாள். தான் இழந்த கல்வியைத் தோழியிடம் ஒப்படைக்கும் சொல் அது. வாழ்த்தும் ஏக்கமும் அதனுள் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன.

இந்நட்பின் சிக்கல் எழுத்தில் முற்றுகின்றது. படிப்பதில்லை என்னும் உறுதியின்பேரில் லிலா ஒப்படைத்த குறிப்பேடுகளை எலெனா படித்துவிடுகின்றாள். பின் ஆர்னோ ஆற்றில் தள்ளிவிடுகின்றாள். தன் முதல் நாவலின் உயிர்ப்பு, லிலா சிறுமியாய் எழுதிய கதையிலிருந்து வந்தது என்பதையும் பின்னர் உணர்கின்றாள். முதுமையில் லிலா, நிழற்படங்களிலிருந்தும் தன் உருவை வெட்டியெடுத்து, தடமின்றி மறைகின்றாள். அவள் மறைய விரும்பினாள் என்பதை அறிந்தே எலெனா அவளை எழுதத் தொடங்குகின்றாள். தேவந்தியின் நினைவு வழிபாடு ஆயிற்று. எலெனாவின் நினைவோ பாதி அன்பும் பாதி வழக்குமாக நிற்கின்றது. குறிஞ்சிப்பாட்டில் தோழி தலைவிக்காகப் பேசினாள். இங்கே தோழி தலைவியின் விருப்பத்துக்கு மாறாகப் பேசுகின்றாள். பிறர் வாழ்வைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவை நம் அறத்தொடு நிற்றல் துறையினுள்ளும் இனி நாம் கேட்டல் வேண்டும்.

அகத்திணைத் தோழி புலனெறி வழக்கிற்கு உரியவள். அவளை நடப்பியல் நாவலின் மாந்தரோடு ஒப்பிடல் பொருந்தாது என்று சிலர் கூறக்கூடும். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும், ஒரு சமுதாயம் எதனைப் பாடத்தக்கது எனக் கொண்டது, எதனைக் கொள்ளாது விட்டது என்பதை வழக்கே காட்டுகின்றது. வழக்கு போதாது என்பதை இளங்கோவே தேவந்தியைப் படைத்துக் காட்டிவிட்டார். எனவே இவ்வொப்பீடு மரபுக்குப் புறம்பானதன்று.

ஏழைப் பெண்களின் நட்பைத் தற்காலத் தமிழ்ப் புனைகதை எவ்வாறு கண்டது? கடலூர் மண் இரு பெரும் எழுத்தாளரைத் தந்தது. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'பொன்னகரம்', நகர வறுமையின் நடுவே அம்மாளுவை நிறுத்துகின்றது. 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 'உன்னைப் போல் ஒருவன்' நாவலில் சேரிவாழ்வின் தங்கத்தையும் அவள் மகன் சிட்டியையும் நிறுத்தினார். இவ்விரு படைப்புகளிலும் பெண்ணின் துயர் கணவன், காதலன், மகன் ஆகியோரோடு உள்ள உறவில் வைத்து அளக்கப்படுகின்றது. அவளோடு வளர்ந்த மற்றொரு பெண், அவளை அளக்கும் கண்ணாகவும் அவளால் அளக்கப்படும் வாழ்வாகவும் கதையின் நடுவில் இல்லை. இது குறைகூறலன்று, ஆராய்ச்சியாளர்க்கு எஞ்சியுள்ள களத்தைச் சுட்டுதலே.

இக்களம் ஏட்டளவில் நிற்பதன்று. இத்தாலியில் பதினான்கு வயதுவரை அனைவர்க்கும் பொதுவான நடுநிலைப்பள்ளி 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1950களில் தொடக்கப்பள்ளி முடித்த லிலாவுக்கு அது காலந்தாழ்ந்த உதவி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 உரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கிற்று. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் கடலூர்க் கல்லூரிகளுக்கும் மீனவர் ஊர்களிலிருந்தும் உழவுக்கூலிக் குடும்பங்களிலிருந்தும் மகளிர் வருகின்றனர். குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வகுப்பில் அமரும் ஒருத்திக்குப் பின்னால், அவளோடு ஒரே பலகையில் அமர்ந்து, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட தோழி ஒருத்தி இருத்தல் கூடும். படித்தவள் நாளை எழுதுவாள். அவ்வெழுத்தில் மற்றவள் வெறும் நினைவாக நிற்பாளா, தன் பெயரோடும் தன் மறுப்போடும் நிற்பாளா என்பதே வினா. செவிலி மகளுக்குப் பெயர் தந்த புலவர் நம்மிடையே முன்னரே தோன்றாவிடினும், தோழிக்குப் பெயரும் துயரும் தந்த புலவர் தோன்றியுள்ளார். அவ்வழியே தொடர்தல் தமிழ் நாவலுக்கும் தமிழ்த் திறனாய்வுக்கும் உரிய கடன் ஆகும்.