பசிக்கு மதிப்பெண்: தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளை முன்வைத்து

1

விண்ணப்பப் படிவத்தின் கடைசிக் கேள்வி இது: 'பாடகராக வருவதற்கு நீங்கள் சந்தித்த கஷ்டங்கள், தடைகள் (விரிவாக எழுதவும்).' பெயர், வயது, ஊர், இசை கற்ற விவரம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரிதான் விட்டிருந்தார்கள். இதற்கு மட்டும் அரைப்பக்கம். கொல்லிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகத் தமிழாசிரியனாக இருந்தபோது, ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணுக்காக அந்த அரைப்பக்கத்தை நிரப்பியவன் நான்தான். 'தினமும் நான்கு கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்து...' என்று ஆரம்பித்தேன். அவள் விடுதியில் தங்கிப் படித்தவள். நடந்ததெல்லாம் லீவு நாட்களில். ஆனால் எழுத்துக்கென்று ஒரு ஓட்டம் இருக்கிறதல்லவா? ஏணி போட்டுக் கூலிக்கு மிளகு பறிக்கும் அப்பா, சாமைச் சோறு, ஒழுகும் கூரை எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. எம்.ஏ. தமிழ் படித்ததன் பயன் அன்றைக்குத்தான் முழுசாக விளங்கிற்று. எழுதி முடித்து அவளிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"இதெல்லாம் கஷ்டமா சார்?"

சாமைச் சோறு அவளுக்குச் சோறு. அவ்வளவுதான். அதைக் 'கஷ்டம்' என்ற சொல்லுக்குள் பிடித்துப் போட்டவன் நான். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் அன்று சொல்லாத பதில்.

2

காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டு அந்தப் பெண் சேலம் வந்தாள். எந்தச் சேனல் என்பது இங்கே முக்கியமில்லை. டோக்கன் வாங்கி எட்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். எங்களைச் சுற்றிலும் சுருதிப் பெட்டியோடு வந்த பிள்ளைகள், டீச்சரோடு வந்த பிள்ளைகள், செல்போனில் கரோக்கியைப் போட்டுப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

உள்ளே அவளுக்குக் கிடைத்தது இரண்டு நிமிஷம். ஒரு சினிமாப் பாட்டின் பல்லவியைப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். மேஜைக்குப் பின்னாலிருந்தவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். என் அரைப்பக்கத்தைப் படிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நிமிர்ந்து, "கொல்லிமலையா? சூப்பர். உங்க மலைப் பாட்டு ஒண்ணு பாடும்மா" என்றார்.

"அதெல்லாம் நோம்பிக்குத்தான் சார் பாடுவாங்க."

"பரவால்ல, சும்மா ரெண்டு வரி."

அவள் பாடவில்லை. கூச்சம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அவளுக்கு அது ஒரு ஒழுங்கு. நோம்பிப் பாட்டுக்கு நாள் உண்டு, இடம் உண்டு, கூட நின்று பாடுகிறவர்கள் உண்டு. 'அடுத்த தடவ பாக்கலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். சினிமாப் பாட்டுப் பாடும் பழங்குடிப் பெண்ணுக்கு அந்த மேஜையில் இடமில்லை. பழங்குடியாக நடிக்கச் சம்மதித்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கலாம்.

3

விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' தொடங்கியது 2006இல். தொடர்ந்து சிறுவர்களுக்கான 'ஜூனியர்' வந்தது. பிறகு ஜீ தமிழின் 'சரிகமப'. நடுவர்கள் மாறினாலும் பரிசு மாறினாலும் வடிவம் மாறுவதில்லை. முதலில் பிள்ளையின் ஊரையும் வீட்டையும் காட்டும் ஒரு துண்டுப் படம், பிறகு பாட்டு, நடுவரின் கண்ணீர், எலிமினேஷன், போனவர்களைத் திரும்பக் கூப்பிடும் வைல்டு கார்டு. பார்வையாளராகிய நாம் பாட்டைக் கேட்பதற்கு முன்பே யாருக்காக உருக வேண்டும் என்பது தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

ஒரு வாரம் பேனாவும் கையுமாக உட்கார்ந்து இந்த நிகழ்ச்சிகளைப் பாருங்கள். எந்தப் பிள்ளையிடம் என்ன கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தேன். பாட்டு வாத்தியார் வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் குருவின் பெயரைக் கேட்கிறார்கள். சங்கதி பற்றி, சுருதி பற்றிப் பேசுகிறார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் அப்பாவின் கூலியைக் கேட்கிறார்கள். ஒருத்திக்குக் கலை, இன்னொருத்திக்கு வாழ்க்கை. ஒரே மேடையில் இரண்டு அளவுகோல். சாதியின் பெயரை யாரும் உச்சரிக்கத் தேவையில்லை. யாரிடம் எந்தக் கேள்வி போகிறது என்பதிலேயே அது இருக்கிறது.

ஃபூக்கோ 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் (1976) மேலை நாட்டு மனிதனை ஒப்புதல் சொல்லும் விலங்காகப் பார்க்கிறார். அதிகாரம் வாயை மூடுவதோடு நிற்பதில்லை. பேசு, உன்னைப் பற்றிச் சொல் என்று தூண்டவும் செய்கிறது. கேட்கிறவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது, சொல்கிறவரிடம் இல்லை. நமது பாட்டு மேடையிலும் ஒரு பாவமன்னிப்புக் கூண்டு இருக்கிறது. என்ன வித்தியாசம் என்றால், இங்கே சொல்லவேண்டியது பாவத்தை அல்ல, பசியை. அதற்குத்தான் மதிப்பெண்.

4

ஜப்பானியர்கள் இந்த வேலையை நமக்கு முன்பே தொடங்கியவர்கள். 1971 முதல் 1983 வரை நிப்பான் தொலைக்காட்சியில் 'ஸ்டார் தான்ஜோ!' என்றொரு நிகழ்ச்சி நடந்தது. இறுதிச் சுற்றில் பிள்ளை மேடையில் நிற்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரர்களில் யாருக்கு அது வேண்டுமோ அவர் தன் கம்பெனிப் பெயர் எழுதிய அட்டையைத் தூக்குவார். ஏலம்தான், ஆனால் எல்லோர் கண்முன்னாலும் நடந்த ஏலம். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற யமகுச்சி மொமோயே 1972இல் இந்த மேடைக்கு வந்தபோது வயது 13. 1997இல் தோக்கியோ தொலைக்காட்சியின் 'அசாயான்' இன்னொரு படி மேலே போனது. ராக் பாடகிக்கான தேர்வில் தோற்ற ஐந்து பெண்களைச் சேர்த்து, ஐந்து நாளில் 50,000 குறுந்தட்டுகளை நேரில் நின்று விற்றால் பாடகிகளாக அறிமுகம் என்றார்கள். நான்கே நாளில் விற்று முடித்தார்கள். 'மோர்னிங் முசுமே' குழு உருவான கதை இது. ஆக, ஜெயித்தவளைவிடத் தோற்றவளின் தவிப்புக்குச் சந்தை அதிகம் என்பதை அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

இப்படி உருவாக்கப்படும் பெண்களுக்கு அங்கே 'ஐடல்' என்று பெயர். சிலை, பாவை. கொல்லிமலைக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. நற்றிணை 201இல் பரணர் கொல்லிப்பாவையைச் சொல்கிறார்: காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே குலுங்கினாலும் அழகு குலையாத பாவை. பாவைக்குப் பசிக்காது, தொண்டை கட்டாது, வயசும் ஆகாது. பசித்த பெண்ணைக் கொண்டுவந்து பசிக்காத பாவையாக மாற்றிக் காட்டுவதுதான் நிகழ்ச்சியின் மாயம். பசி கதையில் மட்டும் இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்த பிள்ளையின் நிஜமான பசி படச்சுருளில் வராது.

5

இதே மலையின் தலைவன் ஓரி. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி 18க்கு அரசு விழா எடுக்கிறது. வன்பரணர் அவனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றை (152) பொற்காலப் பெருமைக்காக அல்லாமல் வேறொன்றுக்காக நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது. காட்டில் வேட்டைக்காரன் ஒருவனைப் பாணர் கூட்டம் பார்க்கிறது. இசைக்கருவிகளை எடுத்துப் பாடுகிறார்கள். தன் பெயர் பாட்டில் வந்ததும் அவன் வெட்கப்படுகிறான். உன்னைப் போல் வேட்டுவர் இல்லை என்று தொடங்கியவர்களை, தங்களுக்கு வேண்டியது இன்னதென்று வாய்விட்டுச் சொல்லவும் அவன் விடவில்லை. மான்கறியையும் தன் மலைப் பொன்னையும் மணியையும் அங்கேயே கொடுத்துவிடுகிறான்.

கேட்க விடாமல் கொடுத்தல். நமது படிவத்தின் அரைப்பக்கத்துக்கு நேர் எதிரான செயல் இது. இங்கே கொடுப்பவன் பெயர் முதலில் வரும்: பல வருஷம் நாம் பார்த்தது 'ஏர்டெல் சூப்பர் சிங்கர்'. அங்கே பெயர் கேட்டு நாணியவன் வள்ளல். இங்கே தன் கதையைத் தானே கேட்டு நாண வேண்டியது பாணர்.

இதற்காக ஓரியைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. அவனும் போர்த் தலைவன்தான். அடுத்த பாட்டிலேயே (153) வன்பரணர் ஒரு உண்மையைப் போட்டு உடைக்கிறார். பொற்பூவும் அணிகலனும் யானையும் பெற்ற தன் கூட்டத்தார், பசி தீர்ந்ததாலோ என்னவோ, ஆடவும் மாட்டாமல் பாட்டையும் மறந்து போனார்களாம். புலவர் இதைப் புகழாகச் சொல்கிறார். நாம் வேறு மாதிரி வாசிக்கலாம்: புரவலன், பாணன் என்ற ஏற்பாட்டையே இயக்கியது பசி. பசி தீர்ந்தால் பாட்டு நின்றுவிடும். இதைத் தெரிந்தும் ஓரி தீர்த்தான். தொலைக்காட்சி இதைத் தெரிந்துகொண்டதால் தீர்க்காது. வாரா வாரம் எலிமினேஷன், திரும்ப வைல்டு கார்டு என்று இறுதி நாள்வரை பசியை இழுத்துக்கொண்டு போகும். பசி தீர்ந்த மறுவாரம் புது சீசன், புதுப் பிள்ளைகள்.

6

தோழர்கள் எதிர்வாதம் வைப்பார்கள். 2018இல் செந்தில் கணேஷ் 'சூப்பர் சிங்கர்' பட்டம் வென்றது மக்களிசைக்குக் கிடைத்த வெற்றி இல்லையா? 2023இல் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' பட்டத்தை யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி வென்றாள். அதே மேடையில் மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தியும் பாடினாள். அவர்களை உலகத் தமிழர் பார்த்தது நல்லதில்லையா? நல்லதுதான். நானும் கைதட்டியவன். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்தால் அதைக் கோட்பாடு பேசி மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கவனியுங்கள். செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும் பல ஆண்டுகள் ஊர் மேடைகளில் பாடியவர்கள். ஏற்கெனவே இருந்த பாட்டை நிகழ்ச்சி 'கண்டுபிடித்தது'. முப்பது வருஷப் போரும் இருநூறு வருஷத் தோட்டக்கூலி வரலாறும் சில நிமிஷக் கண்ணீராகக் கரைந்தன. ஏன் இந்த நிலை என்று யாரும் கேட்டுவிடாதபடி அழுகை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்டோரை வேலையில் அமர்த்தக்கூடாது. குடும்பத் தொழிலும் சினிமா, தொலைக்காட்சிக் கலையும் விதிவிலக்கு. 2017 விதிகள் மாவட்ட ஆட்சியரின் அனுமதியைக் கேட்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கி வைப்பாக வேண்டும். நம் தோழர்கள் கேட்டு வாங்கவேண்டிய உரிமைகள் இவை. மேடையில் பிள்ளையைப் பார்த்து உருகுகிற நாம், அனுமதிக் கடிதம் இருக்கிறதா, வைப்புத் தொகை போட்டாயிற்றா என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? ஆனால் சட்டம் மணியைத்தான் எண்ணுகிறது. ஒரு பிள்ளையின் வீட்டுக் கதை யாருக்குச் சொந்தம், வளர்ந்த பிறகு அந்தத் துண்டுப் படத்தை அழித்துவிடுங்கள் என்று அவள் கேட்க முடியுமா என்பதற்கு அந்த விதிகளில் பதில் இல்லை.

நம்மிடமும் இல்லை. அந்த அரைப்பக்கத்தைச் சேனல்காரன் எழுதவில்லை, நான் எழுதினேன். நம்மில் பலர் அதை எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். தொண்டு நிறுவன அறிக்கையாக, மலைமக்கள் பற்றிய கவிதையாக, விளிம்புநிலைச் சிறப்பிதழாக. சாமைச் சோற்றைச் சோறு என்று சொல்ல விடாமல், கஷ்டம் என்று சொல்லப் பழக்குகிறோம்.

அடுத்த வருஷம் இன்னொரு பையன் அதே படிவத்தோடு வந்தான். பெயர், வயது, ஊர், தெரிந்த பாட்டுகள் எல்லாம் எழுதினோம். கடைசிக் கேள்விக்கு என்ன எழுதலாம் என்று அவனையே கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்ணும் வேணாங் சார், பாட்டு மட்டும் கேக்கட்டும்" என்றான். அரைப்பக்கத்தையும் அப்படியே வெறுமையாக விட்டு அனுப்பினோம். கூப்பிடவில்லை.