மணல் குழாயும் சிகாமட் செம்மண்ணும்

தொழிற்சாலையில் செய்த நானோ துகள் மண்ணுக்குள் எவ்வளவு தூரம் போகும்? ஆய்வுக்கூடங்கள் இதற்குப் பெரும்பாலும் ஒரே வழியில்தான் விடை தேடுகின்றன. கழுவிச் சலித்த குவார்ட்ஸ் மணலைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, துகள் கலந்த நீரைச் செலுத்தி, மறுமுனையில் எவ்வளவு வெளிவருகிறது என்று அளக்கிறார்கள்.

இந்த முறைக்கு நாம் நிறையவே கடன்பட்டிருக்கிறோம். சிறிய துகள்தான் சந்துபொந்தில் நுழைந்து வெகுதூரம் போகும் என்று யாருக்கும் தோன்றும். மணல் வடிகட்டிகளை ஆராய்ந்த யாவ், ஹபிபியன், ஓமெலியா மூவரும் 1971இல் வேறுவிதமாகக் காட்டினார்கள். ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் துகளுக்குத்தான் மணலில் சிக்காமல் தப்பும் வாய்ப்பு அதிகம். அதைவிடச் சிறியவற்றை நீர் மூலக்கூறுகள் ஓயாமல் தள்ளுவதால், அவை மணல்பரப்பில் அடிக்கடி போய் மோதும். மோதியது ஒட்டுமா, விலகுமா என்பதைப் பெரும்பாலும் மின்னேற்றம் தீர்மானிக்கும். நிலத்தடி நீரில் கலந்த குளோரின் கரைப்பான்களைச் சிதைக்க இரும்பு நானோ துகளை ஆழ்துளைகளில் செலுத்தும் முறை, 2001 வாக்கில் நியூஜெர்சியின் டிரென்டனில் களத்தில் சோதிக்கப்பட்டது. அந்த இரும்பு பூச்சின்றிப் போனால் தன்னோடு தானே திரண்டு, துளைக்கு அருகிலேயே நின்றுவிடும். பூச்சுகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க மணல் குழாய்தான் கைகொடுத்தது.

குறை, அந்த விடையை எல்லா மண்ணுக்கும் பொருத்தும்போது தொடங்குகிறது. மலேசியாவின் சிகாமட் ஊரையே எடுத்துக்கொள்வோம். மலேசிய மண் வகைப்பாட்டில் இவ்வூரின் பெயரிலேயே ஒரு மண் தொடர் உண்டு. எரிமலைப் பாறை சிதைந்து உருவான செங்களிமண். குவார்ட்ஸ் மணலின் பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. இந்த மண்ணின் இரும்பு ஆக்சைடோ, அமிலத்தன்மையில் நேர்மின்னேற்றம் பெறும். ஆகவே மணலில் வழுக்கிப்போகும் எதிர்மின் பூச்சுத் துகளை இந்த மண் பற்றிக்கொள்ளும்.

அதோடு நிம்மதி அடைய முடியாது. செம்பனைத் தோட்டத்தில் பாஸ்பேட் உரம் போடுகிறோம்; பழம் உதிர்த்த வெறுங்குலைகளை மரத்தடியில் பரப்புகிறோம். பாஸ்பேட்டும், மட்கிய குலையின் கரிமச் சாறும் இரும்பு ஆக்சைடின் மேல் படிந்து, அந்த நேர்மின் இடங்களை மூடிவிடும். கரிமச் சாறு துகளையும் போர்த்துவதால் துகளும் மண்ணும் ஒன்றையொன்று விலக்கும். ஒரே தோட்டத்தில், குலை பரப்பிய வரிசையும் பரப்பாத வரிசையும் துகளை ஒரே மாதிரி நடத்த வாய்ப்பில்லை. களிமண் ஆயிற்றே, நீர் மெதுவாகத்தான் இறங்கும் என்றும் நம்பிவிடக்கூடாது. இத்தகைய செம்மண் குறுணைகளாகத் திரண்டிருப்பதால் மழைநீர் இடைவெளிகளிலும் பழைய வேர்த்தடங்களிலும் வேகமாக இறங்கும். அப்படி இறங்கும் துகளுக்கு மண்ணைத் தொட நேரமே இருக்காது. 2023 மார்ச்சில் சிகாமட்டை மூழ்கடித்ததுபோன்ற மழையைச் சீரான வேகத்தில் நீர் பாயும் குழாய் எப்படிக் காட்டும்?

மண் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை முன்பே ஒருமுறை பொய்த்திருக்கிறது. அமெரிக்காவின் நெவாடாவில் 1968இல் நிலத்தடியில் வெடித்த அணுகுண்டின் புளூட்டோனியம், 1.3 கிலோமீட்டர் தள்ளி நிலத்தடி நீரில் தென்பட்டதை 1999இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நீரில் எளிதில் கரையாத அந்தப் பொருள், இயற்கையான நுண்துகள்களின் மேல் ஏறிப் போயிருந்தது.

மணல் குழாய் காரணத்தை அறியச் சிறந்த கருவி. அனுமதி வழங்கப் போதாத சான்று. நானோ உரமோ பூச்சிமருந்தோ தோட்டத்துக்கு வருமுன், அந்தத் தோட்டத்து மண்ணையே கலைக்காமல் வெட்டியெடுத்து, நனைத்தும் உலர்த்தியும், கொட்டும் மழையளவு நீர் விட்டும் சோதிக்க வேண்டும். செலவு கூடும், முடிவுகளும் சீராக வராது. ஆனாலும் இங்கே இறங்கும் நீர் சிகாமட் ஆற்றில் சேர்ந்து மூவார் ஆற்றுக்குப் போகிறது. அந்தச் சோதனை முடிவைக் காட்டும்படி விற்பவரிடம் கேட்பது தோட்டக்காரரின் உரிமை.