சாமி மலையேறிய பிறகு: டேட்டாவும் சிட்டியும்

ஆடி மாசம் அம்பத்தூர் பக்கம் தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பாங்க. பம்பைச் சத்தம் ஏறினதும் எங்க எதிர் வீட்டு அக்காவுக்குச் சாமி வந்துடும். மற்ற நாளில் அதிர்ந்து பேசாதவங்க, அன்னைக்குத் தெருவிலேயே மூத்த பெரியவரை "டேய்" போட்டுக் கூப்பிடுவாங்க. கற்பூரம் காட்டி, சாமி மலையேறினதும், தண்ணி குடிச்சிட்டு "நான் என்ன சொன்னேன்?"னு கேப்பாங்க. மறுநாள் காலையில் அதே பெரியவர் "என்னம்மா, சௌக்கியமா?" என்று விசாரித்தபடி நடந்து போவார். திட்டியது அக்கா இல்லை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது.

போன வாரம் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1992-இல் வந்த 'பவர் ப்ளே' பகுதியைத் திரும்பப் பார்த்தேன். அக்கா ஞாபகம்தான் வந்தது.

கதை இதுதான். புயலடிக்கும் ஒரு நிலவில் இறங்கும் டேட்டா, டிராய், ஓ'பிரையன் மூவருக்குள்ளும் ஏதோ புகுந்துவிடுகிறது. டேட்டா ஆண்ட்ராய்டு, கப்பலே நம்பும் ஆள். அவனே இப்போது துப்பாக்கியைத் தூக்கி, சக ஊழியர்களைப் பணயமாகப் பிடித்து வைக்கிறான். புகுந்தவை முதலில் தங்களை 'எசெக்ஸ்' என்ற பழைய கப்பலின் மாலுமிகள் என்கின்றன. அது பொய். உண்மையில் அந்த நிலவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளின் ஆவிகள். நம்ம ஊர்ப் பேயோட்டியும் முதலில் "யார் நீ?" என்றுதானே கேட்பார்? முதலில் வரும் பதிலை அவரும் நம்புவதில்லை. கேப்டன் பிக்கார்டும் அந்த வேலையைத்தான் செய்கிறார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசிக் காட்சி. ஆவிகள் போன பிறகு டேட்டா வோர்ஃபிடம் மன்னிப்புக் கேட்கிறான். வோர்ஃப் அது தேவையில்லை என்கிறான். டேட்டா மறுபடி வேலைக்குப் போகிறான். விசாரணை இல்லை, பிரித்துப் போடுவதும் இல்லை.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம். ஷங்கரின் 'எந்திரன்' (2010). தமிழில் ஆண்ட்ராய்டு என்றாலே சிட்டிதான். போரா குப்பைமேட்டிலிருந்து பொறுக்கிச் சேர்த்து, சிவப்புச் சிப்பைச் சொருகியதும் சிட்டி அரக்கனாகிறது. பார்க்க அச்சு அசல் பேய் பிடித்த கதை. சிப்பைப் பிடுங்கியதும் பழைய சிட்டி திரும்பிவிடுகிறது. சாமி மலையேறிடுச்சு.

ஆனா, அதுக்கப்புறம் என்ன நடக்குது? கோர்ட். அழிவுக்குக் காரணம் போரா வைத்த சிப் என்று சிட்டியே ஆதாரம் காட்டுகிறது. நீதிமன்றம் அதை ஏற்று வசீகரனை விடுதலை செய்கிறது. அதே மூச்சில் சிட்டியைப் பிரித்துவிடச் சொல்கிறது. சிட்டி தன் கையாலேயே தன்னைக் கழற்றிக்கொள்கிறது. தியேட்டரில் நான் அழுதேன். இப்போது பார்த்தால் அழுகையோடு கோபமும் வருது. குற்றம் சிப்புடையது என்றால் தண்டனை ஏன் சிட்டிக்கு?

"அவ்வளவு பேரைக் கொன்ன மெஷினை எப்படி சார் சும்மா விடறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபத்தான கருவியை நிறுத்தி வைப்பது தண்டனை ஆகாது என்றும் சொல்லலாம். ஆனால் அந்தப் பேச்செல்லாம் சிட்டி வெறும் கருவி என்றால்தான் செல்லும். படமோ இரண்டரை மணி நேரம் அவனை ஆளாக நம்பச் சொல்லிவிட்டு, தீர்ப்பு நேரத்தில் மட்டும் மெஷினாக்கிவிடுகிறது.

இன்னொன்று. சிட்டி கெட்டது சிப்பால் மட்டுமா? சிப்புக்கு முன்பே அவனுக்கு சனா மேல் ஆசை வந்தாச்சு. உணர்ச்சியைக் கொடுத்தது வசீகரன். அந்த உணர்ச்சியால் சிட்டி ராணுவத்தின் முன் சொதப்பியதும், ஆத்திரத்தில் வெட்டிக் குப்பையில் போட்டதும் அவர்தான். பேய் வெளியிலிருந்து வந்தது என்று சொல்ல சிப் ஒரு வசதி. சிப்பைக் கையில் எடுத்துக் காட்டியதும் படைத்தவரின் பங்கு கண்ணில் படாமல் போகிறது.

'2.0' (2018) இதை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டுது. அதில் பட்சிராஜனின் ஆவி நிஜமாகவே புகுகிறது, ஆனால் மெஷினுக்குள் இல்லை, வசீகரனுக்குள். உள்ளே இருப்பது தன்னைப் படைத்தவர் என்பதால் சிட்டி கை ஓங்கத் தயங்குகிறது. அந்த உடம்பிலிருந்து ஆவி செய்ததற்காக வசீகரனை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. மனுஷனுக்குப் பிடித்தால் பேய், மெஷினுக்குப் பிடித்தால் குற்றம். இரண்டு படத்திலும் தப்பிப்பது ஒரே ஆள்.

இது சினிமாவோடு போகிற விஷயமில்லை. நாளைக்கு ஒரு மென்பொருள் தப்பு செய்தால், "சிப்பில் கோளாறு, கழற்றியாச்சு" என்று சொல்லிப் படைத்தவர்கள் வீட்டுக்குப் போக நாம் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறோம். எங்க தெருவில் சாமி இறங்கினால் கேட்கிற முதல் கேள்வி, "வந்திருக்கிறது யாரு, என்ன வேணும்?" 'எந்திரன்' கோர்ட்டில் அதைக் கேட்டிருந்தால், போராவோடு இன்னொரு பெயரும் வந்திருக்கும்.